இடமிருந்து வலமாக நின்றவர்கள்

தம்பி,

வெள்ளிக்கிழமை சாயந்தரம் நீ பேசிக்கொண்டிருக்கும்போதே நான் போனை வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று உன் அம்மா சமாளித்திருப்பாள். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. நீ கடைசியாகச் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் ராஜபாளையம் வந்துவிடும், நேரிலேயே வந்திருக்கலாம். வந்தால் நான் சத்தம் போடுவேன், நீயும் பதிலுக்குச் சத்தம் போடுவாய். உன் பெண்டாட்டி மாசமாக இருக்கிற வீட்டில் அது வேண்டாம். நாளைக்கு உன் அம்மா மீன்குழம்பு கொண்டுவரும்போது இதையும் கொண்டுவருவாள். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து நிதானமாகப் படி. இதில் ஒளித்து வைக்க ஒன்றும் இல்லை. உன் முதலாளி கேட்டால் அவரிடமும் காட்டு.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன். ஒடிசாவிலிருந்து வந்து உன் மில்லில் பஞ்சைச் சீவும் கார்டிங்கில் வேலை பார்க்கும் பிஜய், ஓடுகிற மெஷினில் அடைத்துக்கொண்ட பஞ்சை எடுக்கப் போய் வலது கையில் விரல்களை இழந்துவிட்டார். மெஷினை நிறுத்தினால் உற்பத்தி குறையும், நிறுத்தாமலே எடு என்று சொல்லிப் பழக்கியது யார் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மில்லுக்குள் நடந்த விபத்து என்று பதிவு செய்யாமல், தனியார் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, ஊருக்கு ரயிலேற்றிவிட அவரை வேனில் உட்கார வைத்திருக்கிறார்கள். கூட வேலை பார்க்கிறவர்கள் கேட்டுக்குக் குறுக்கே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். விபத்து என்று எழுது, இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ, அப்புறம் எழுந்திருக்கிறோம் என்றிருக்கிறார்கள். இவ்வளவுதான் நடந்தது. இரும்புக் கம்பியோடு வழிமறித்துக் கொலை மிரட்டல் விட்டார்கள் என்று நிர்வாகம் உன்னை எழுதச் சொல்கிறது. திங்கட்கிழமை காலையில் நீ ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுக்க வேண்டும். அவர்கள் கேட்டில் உட்கார்ந்த நேரத்தில் நீ மதுரையில் ஏதோ மீட்டிங்கில் இருந்தாய். கம்பியையும் பார்க்கவில்லை, உட்கார்ந்த ஆட்களையும் பார்க்கவில்லை. ஆனாலும் உன்னைத்தான் கேட்கிறார்கள். உன் மில்லில் மற்ற ஆபீசர்களுக்கு அவர்கள் எல்லாரும் 'இந்திக்காரப் பயலுக'. பெயர் தெரிந்தவன் நீ ஒருவன்தான்.

பெயர் உனக்கு எப்படித் தெரியும் என்பது எனக்குத் தெரியும். போன ஆயுத பூஜைக்கு நீ எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாய். வாழைக்கன்று கட்டிய மெஷின், முன்னால் வரிசையாக அவர்கள், ஓரத்தில் நெற்றி நிறையக் குங்குமத்தோடு நீ. 'நம்ம வீட்டுப் படம் மாதிரியே எடுத்தோம்பா' என்று எழுதியிருந்தாய். பிறகு போனில் கூப்பிட்டு, இவர் இன்னார், இவர் இன்னார் என்று இடமிருந்து வலமாக ஒவ்வொருவர் பெயரையும் ஊரையும் சொன்னாய். எனக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது. உன் அம்மாவிடம் கூடச் சொன்னேன், மில் ஆபீசில் உட்கார்ந்திருக்கிற ஒருவன் இத்தனை பேருடைய பெயரைத் தெரிந்து வைத்திருப்பது நம் ஊரில் எத்தனை மில்லில் நடக்கும் என்று. இப்போது அதே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிஜய் சிரித்துக்கொண்டு நிற்கிறார். வலது கையைப் பக்கத்தில் நிற்பவரின் தோளில் போட்டிருக்கிறார்.

நம் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கும் படத்தைப் பற்றி உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. அதில் இருக்கிறவர்களை எண்ணித்தான் நீ எண்ணப் பழகினாய். மில்லில் என்னோடு வேலை பார்த்தவர்கள் என்ற அளவில் உனக்குத் தெரியும். கேஸ் நடந்தது என்பதும் தெரியும். நான் மாதாமாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு வாய்தாவுக்குப் போய்த் திரும்பும்போது உனக்குப் பால்கோவா வாங்கி வருவேன். அப்போது நாம் ராஜபாளையத்தில் குடியிருந்தோம். வாய்தா என்றால் ஏதோ ஒரு தின்பண்டம் என்றே நீ ரொம்ப நாள் நினைத்திருந்தாய். ஒரு மாதம் ஜட்ஜ் லீவு என்று கேஸ் எடுக்கவில்லை, நான் வெறுங்கையோடு வந்தேன். 'இன்னைக்கு வாய்தா இல்லியாப்பா' என்று கேட்டு நீ அழுதாய். உன் அம்மா சிரித்தாள். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

நான் பி.ஏ. வரலாறு படித்தவன். உன் தாத்தா வேலையிலிருக்கும்போதே இறந்ததால் வாரிசு வேலை என்று என்னை மில்லில் எடுத்தார்கள். நூல் நூற்கும் ரிங் பிரேம் மெஷினில் சைடு பார்த்தேன். நூல் அறுந்த இடமெல்லாம் ஓடி ஓடி முடிச்சுப் போடும் வேலை அது. ஆயுத பூஜையன்று மெஷினை நிறுத்தித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டுவோம். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் பஞ்சு பறக்காமல், எதிரில் நிற்கிறவன் முகம் துலக்கமாகத் தெரியும். பூஜை முடிந்ததும் டவுனிலிருந்து ஸ்டுடியோக்காரர் வருவார். ஒவ்வொரு டிபார்ட்மென்டும் தன் மெஷின் முன்னால் மாலை போட்டுக்கொண்டு வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்வது வழக்கம். படத்துக்கு அடியில் வெள்ளை அட்டை ஒட்டி, 'இடமிருந்து வலம்' என்று போட்டு, எல்லார் பெயரையும் அழகாக எழுதி பிரேம் போட்டுத் தருவார். எங்கள் ஷிப்டில் ரிங் பிரேமில் நாங்கள் பதினொரு பேர். நான் நடுவில் நிற்கிறேன். எனக்கு அடுத்து தேவதானத்துக் கருப்பசாமி. ஓரத்தில் பெரிய மீசையோடு நிற்பவர் வெங்கடசாமி அண்ணன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எங்களிடம் பேசும்போது எங்களைவிட நன்றாகத் தமிழில் கேலி பேசுவார். மீசையை வைத்து அவரை 'மிலிட்டரி' என்று கூப்பிடுவோம். பட்டாளத்தின் வாசலைக்கூட அவர் பார்த்ததில்லை. ஸ்டுடியோக்காரர் கேட்ட பெயரை அப்படியே எழுதி வைத்தார், 'மிலிட்டரி வெங்கடசாமி' என்று.

அந்த மில்லில் ஒரு பர்சனல் ஆபீசர் இருந்தார். இப்போது நீ செய்யும் எச்.ஆர். வேலையைத்தான் அன்றைக்கு அப்படிச் சொல்வார்கள். அவர் பெயரை எழுதமாட்டேன். பெயர் எழுதுவது அவர் செய்த வேலை. அவர் கெட்டவர் என்று நினைத்துவிடாதே. எங்களை 'ஏய்' என்று கூப்பிடாத ஒரே ஆபீசர் அவர். வெங்கடசாமி அண்ணன் பெண்டாட்டிக்குப் பிரசவ வலி கண்டு, மழையில் வண்டி கிடைக்காமல் நின்றபோது, கம்பெனி ஜீப்பைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தவர். ஒவ்வொருவரிடமும் பிள்ளைகளைப் பெயர் சொல்லி விசாரிப்பார். அவர் புது வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது என்ன கொடுப்பது என்று எங்களுக்குள் பேச்சு வந்தது. "சாருக்குக் குத்துவிளக்கு குடுக்க ஊரே வரும்லே. நாம நம்ம மூஞ்சியக் குடுப்போம். காலம் பூரா பாத்துக்கிட்டு இருக்கட்டும்" என்றார் வெங்கடசாமி அண்ணன். அந்த ஆயுத பூஜைப் படத்தில் இன்னொரு பிரதி எடுத்து, நல்ல தேக்குச் சட்டம் போட்டு, பெயரெழுதிய அட்டையோடு கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் கண் கலங்கிவிட்டது. எங்கள் முன்னாலேயே ஹாலில் ஆணி அடித்து மாட்டினார்.

அடுத்த வருஷம் மில் கை மாறியது. புதிதாக வந்தவர்கள், ஓர் ஆள் பார்த்த சைடுகளோடு இன்னும் ஒரு மெஷினையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். கூலி அதே கூலி. பார்த்தோம், முடியவில்லை. சொன்னோம், கேட்கவில்லை. ஒரு நாள் காலை ஷிப்டுக்குப் போனவர்கள் உள்ளே போகாமல் கேட்டில் உட்கார்ந்தோம். கையில் இருந்தது தூக்குவாளி. உச்சிவெயில் வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டு, பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடுவதாகச் சொன்ன பிறகு எழுந்து வீட்டுக்குப் போனோம். மறுநாள் விடிகாலையில் வீடு வீடாகப் போலீஸ் வந்தது. கல், கம்பி, கொலை மிரட்டல் என்று கேஸ், கூடவே வேலையும் போனது. நீ அப்போது பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாய். ஸ்டேஷனில் வெங்கடசாமி அண்ணனிடம் எஸ்.ஐ. எந்த ரெஜிமென்டில் இருந்தாய் என்று கேட்டாராம். "மூணாம் நம்பர் ரிங் பிரேமுங்கய்யா" என்று இவர் சொல்லியிருக்கிறார். அதற்கு ஓர் அறை விழுந்தது.

கோர்ட்டில் முதல் வாய்தா அன்றைக்கு டவாலி எங்களை வரிசையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒவ்வொருவராகப் போய் ஒருவர் பக்கத்தில் ஒருவர் நின்றோம். நின்ற பிறகு வெங்கடசாமி அண்ணன் தலையை நீட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "ஏப்பா, நாம போட்டோவுல நின்ன மாதிரியே நிக்கோம்லா. மால மட்டுந்தான் போடல" என்றார், வாய்க்குள்ளேயே. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. மிலிட்டரி என்ற பட்டப்பெயர் புகாரில் எப்படி வந்தது என்பதும் புரிந்தது. பர்சனல் ஆபீசர் அன்றைக்கு கேட் பக்கமே வரவில்லை. யார் யார் உட்கார்ந்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. பெயர்கள் வேண்டும் என்று நிர்வாகம் நெருக்கியதும், வீட்டு ஹாலில் நின்று நாங்கள் கொடுத்த படத்தைப் பார்த்து, இடமிருந்து வலமாக எழுதிவிட்டார். அன்றைக்கு கேட்டில் உட்கார்ந்தவர்கள் நூறு பேருக்கு மேல் இருக்கும். கேஸ் படத்தில் இருந்த எங்கள் பதினொரு பேர் மேல் மட்டும். திரும்பி வரும் பஸ்ஸில், ராஜபாளையம் நெருங்கும்போது வெங்கடசாமி அண்ணன்தான் சொன்னார்: "மூஞ்சியக் குடுத்தோம், பேரையும் எழுதிக் குடுத்தோம். அவரு என்னதான் செய்வாரு பாவம்."

எங்களில் கருப்பசாமி அன்றைக்கு கேட்டில் இல்லவே இல்லை. தேவதானத்தில் அவருடைய மகளுக்குக் காது குத்து. லீவு கொடுத்தவர் அதே ஆபீசர். 'எனக்கும் சேத்து சாப்பிடு கருப்பசாமி' என்று சொல்லி அனுப்பியவர். எங்கள் வக்கீல், இவரை மட்டும் தனியாக மனுப் போட்டு வெளியே கொண்டுவந்துவிடலாம் என்றார். ஒரு வாரத்தில் மில்லிலிருந்தும் ஆள் வந்தது. மற்றவர்கள் கையில் கம்பி வைத்திருந்ததைக் கேள்விப்பட்டேன் என்று ஒரு வாக்குமூலம் கொடுத்தால் போதும், பெயரையும் எடுத்துவிடுகிறோம், வேலையும் திரும்பக் கிடைக்கும் என்று. நாங்களே அவரிடம் சொன்னோம், வாக்குமூலம் கொடுக்க வேண்டாம், தனி மனுவாவது போடும் என்று. கோர்ட் வாசலில் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து இதைப் பேசினோம். கருப்பசாமி டீயை முழுதாகக் குடித்துவிட்டு, "நான் ஊர்ல இருந்திருந்தா உங்ககூட உக்காந்திருப்பேன்லா? அம்புட்டுத்தான். விடுங்க" என்றார். செய்யாத குற்றத்துக்கு நாங்கள் எல்லாருமே வாய்தாவுக்குப் போனோம். தான் இல்லாத இடத்துக்காகப் போனவர் அவர் ஒருவர்தான்.

கேஸ் இழுத்தது. மில்லை மூடினார்கள். சங்கத்தின் மேல்மட்டத்தில் ஒரு சமரசம் செய்துகொண்டார்கள். வேலையிலிருந்து நின்றவர்களுக்குக் கணக்கு முடிக்க வழி செய்தார்கள், கேஸில் இருந்த எங்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஒப்பந்தம் முடிந்த அன்று அந்தத் தலைவருக்கு சால்வை போர்த்தினார்கள். அவரோடு நான் இன்றுவரை பேசுவதில்லை, எதிரே வந்தால் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுவேன். கருப்பசாமி ஒரு மாந்தோப்புக்குக் காவலுக்குப் போனார். ஒரு கோடையில் காமாலை கண்டது. இ.எஸ்.ஐ. கார்டு வேலையோடு போய்விட்டிருந்தது. பச்சிலை, மந்திரம் என்று கைக்கு எட்டியதையெல்லாம் செய்துவிட்டுக் கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், பிழைக்கவில்லை. உன் அம்மா அப்போது பேண்டேஜ் துணி மடிக்கும் வேலைக்குப் போய்த்தான் நம் வீட்டில் உலை கொதித்தது. நான் எம்.ஏ. பாடங்களைக் கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்து படித்தேன். அங்கேயே ஒரு வக்கீலுக்குக் குமாஸ்தாவானேன். வழக்கை நடத்த வந்த ஊரிலேயே குடியேறிவிட்டேன் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

கருப்பசாமி இறந்த பிறகு வந்த வாய்தாவில், டவாலி எங்களைக் கூப்பிட்டபோது, எனக்கு அடுத்து ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் விட்டு நின்றோம். யாரும் சொல்லிவைத்துச் செய்யவில்லை. அவரோடு அத்தனை வருஷம் தோள் உரச நின்றுவிட்டு, அந்த இடத்தில் நெருங்கி நிற்க எங்களால் முடியவில்லை. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. பர்சனல் ஆபீசர் சாட்சி சொல்ல வந்த அன்றைக்கும் அப்படித்தான் நின்றோம். சம்பவத்தன்று கேட்டில் இருந்தவர்களை அடையாளம் காட்ட முடியுமா என்று அரசு வக்கீல் கேட்டார். முடியும் என்றார். கையை நீட்டினார். கண் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. அவர் வீட்டு ஹாலில் மாட்டிய வரிசை அவருக்கு மனப்பாடம். ஒவ்வொரு பெயராகச் சொல்லிச் சொல்லி விரலை நகர்த்திக்கொண்டே வந்தார். என் பெயரைச் சொன்னார். விரல் அடுத்த இடத்துக்குப் போய் நின்றது. "கருப்பசாமி" என்றார்.

அங்கே சுவர்தான் இருந்தது. பெஞ்ச் கிளார்க் எழுந்து, குற்றம் சாட்டப்பட்ட அவர் இறந்துவிட்டார், அவர் மேலுள்ள வழக்கு முடிந்துவிட்டது என்று மெதுவாகச் சொன்னார். மாஜிஸ்ட்ரேட் பேனாவை வைத்துவிட்டு அந்த இடத்தையே பார்த்தார். அப்போதுதான் ஆபீசர் தலையைத் தூக்கினார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. மறக்க விரும்பவும் இல்லை. எங்கள் வக்கீல் குறுக்கு விசாரணைக்கு நிறையத் தயாரித்து வைத்திருந்தார், அதில் பாதியைக் கேட்கவே இல்லை. சில மாதங்களில் எல்லாரையும் விடுதலை செய்தார்கள். தீர்ப்பில் சந்தேகத்தின் பலனை எங்களுக்கு அளிப்பதாக எழுதியிருந்தது. யாருக்கு என்ன சந்தேகம் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அந்த நேரத்தில் மில் இருந்த இடத்தில் பிளாட் கல் ஊன்றிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது நீ சொன்ன வாக்கியத்துக்கு வருகிறேன். விடுதலையாகிப் பல வருஷம் கழித்து, ஒரு நாள் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் ரயில் நிலையத்தில் அந்த ஆபீசர் என் பக்கத்தில் வந்து நின்றார். வயதாகிவிட்டது, கைத்தடி ஊன்றியிருந்தார். நான் திரும்பிக்கொண்டேன். அவர் போகவில்லை. "நான் எழுதலேன்னா வேற எவனாவது எழுதியிருப்பான். எனக்கும் புள்ளகுட்டி இருந்துச்சுல்லா" என்றார். நான் ரயிலில் ஏறிவிட்டேன். வெள்ளிக்கிழமை நீ சொன்னது அதே சொற்கள், தம்பி. 'நான் பேரு குடுக்கலேன்னா வேற எவனாவது குடுப்பான்பா' என்றாய். அவர் பிள்ளைகுட்டி என்ற இடத்தில் நீ 'அவ மாசமா இருக்கா' என்றாய். அதற்கு மேல் ஒன்றும் சேர்த்தாய், 'அவங்க ஒண்ணும் நம்ம ஆளுங்க இல்லையே' என்று. நாங்கள் மில்லில் சேர்ந்தபோது, தேவதானத்திலிருந்தும் மலையடிவாரத்து ஊர்களிலிருந்தும் வந்தவர்களை டவுன்காரர்கள் காட்டுப்பயலுக என்றுதான் சொன்னார்கள். கருப்பசாமி அந்தக் காட்டுப்பயல்களில் ஒருவர்.

அன்றைக்கு பிளாட்பாரத்தில் எனக்குப் பதில் தோன்றவில்லை. இத்தனை நாள் யோசித்து வைத்திருந்த பதிலை இப்போது உனக்குச் சொல்கிறேன். வேறு எவனாவது எழுதியிருந்தால் அவனுக்கு எங்கள் பெயர் தெரிந்திருக்காது. அடையாளம் தெரியாத சில ஆட்கள் என்று எழுதியிருப்பான், கேஸ் ஒரு மாதத்தில் செத்திருக்கும். எங்கள் பிள்ளைகளின் பெயரைக் கேட்டு வைத்திருந்தவர், எங்கள் படத்தைச் சுவரில் மாட்டியிருந்தவர் எழுதியதால்தான் அது அத்தனை வருஷம் நின்றது. உன் முதலாளிக்கு உன் கையெழுத்து பெரிதில்லை. கையெழுத்துப் போட ஆள் நிறைய உண்டு. அவருக்கு வேண்டியது உனக்குத் தெரிந்த பெயர்கள். அவை உன்னிடம் எப்படி வந்தன? அவர்கள் நம்பிச் சொன்னார்கள், பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். உன்னால் மட்டும்தான் இது முடியும் என்பதால், உன்னால் மட்டும்தான் இதைத் தடுக்கவும் முடியும்.

நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்கிறேன், பிடித்தால் செய். சம்பவத்தின்போது நான் அங்கே இல்லை, பார்க்காததை எழுத முடியாது என்று நிர்வாகத்துக்கு உன் கைப்பட எழுதிக் கொடு. பிஜய்க்கு நடந்த விபத்தைப் பற்றி தொழிற்சாலை ஆய்வாளருக்கும் இ.எஸ்.ஐ.க்கும் அறிக்கை அனுப்புவது உன் வேலை, அதைச் செய். ராஜினாமா மட்டும் எழுதாதே. ரொம்பப் பிரியமாகக் கேட்பார்கள், காபி வாங்கிக் கொடுத்து, உங்க பேரு கெட்டுப்போகாம இருக்கும் என்று சொல்லிக் கேட்பார்கள். முடியாது என்று சொல். வேலையை விட்டு எடுக்க வேண்டுமென்றால் அவர்கள் எடுக்கட்டும், ஏன் எடுத்தோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு எடுக்கட்டும். அதை வைத்துக்கொண்டு எங்கே போய் நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். கோர்ட் வராந்தாவில் நான் இத்தனை வருஷம் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. பிரசவத்துக்கு உன் பெண்டாட்டியை இங்கே அனுப்பிவிடு. உன் அம்மா அதைத்தான் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உன் அம்மா எட்டிப் பார்த்தாள். "ஒங்க கோவத்தையெல்லாம் அவன் தலையில ஏத்தி வைக்காதீய" என்றாள். அவள் சொல்வது முழுக்கத் தப்பு என்று சொல்லமாட்டேன். எனக்குக் கோபம் உண்டு. அந்த ஆபீசர் மேல், அந்தத் தலைவர் மேல், எங்களை விட்டுவிட்டு மறுநாளே மெஷின் ஓட்டப் போனவர்கள் மேல். அது என்னோடு போகும், உனக்கு வேண்டாம். ஆனால் ஒன்றை நீ தெரிந்துகொள்ள வேண்டும். கருப்பசாமியிடம் அந்தக் கோபம் கொஞ்சம்கூட இல்லை. ஆபீசரைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. வாய்தாவுக்கு வந்து, எங்களோடு நின்று, மகளுக்குப் பால்கோவா வாங்கிக்கொண்டு தேவதானம் பஸ் ஏறுவார். கோபம் இல்லாமலும் ஒரு மனிதன் இடத்தை விட்டு நகராமல் நிற்கலாம் என்று நான் பார்த்திருக்கிறேன். நீ என்னைப் போல இருக்க வேண்டியதில்லை.

உன்னை எம்.எஸ்.டபிள்யூ. படிக்க வைத்து, இந்த வேலைக்கு அனுப்பியபோது வெங்கடசாமி அண்ணன் என்னைக் கேட்டார். "ஏலே, நம்மள எழுதிக் குடுத்த நாற்காலியில போயி ஒம் மகன உக்கார வைக்கியே" என்றார். அந்த நாற்காலியில் விவரம் தெரிந்தவன் ஒருவன் உட்கார்ந்தாக வேண்டும் என்று நான் சொன்னேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "பாப்போம்" என்றார். இன்றைக்கும் நான் அதையே சொல்கிறேன். அவரும் இன்றைக்கும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். நேற்று அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். எம்புட்டு மணிக்கு என்று மட்டும் கேட்டார்.

திங்கட்கிழமை காலையில் ஷிப்ட் மாறும்போது நாங்கள் உன் மில் கேட்டில் இருப்போம். பிஜயோடு வேலை பார்க்கிறவர்கள் எங்கே உட்கார்கிறார்களோ அங்கே. அவர்கள் பாஷை எனக்குத் தெரியாது, கேட்டில் உட்காரத் தெரியும். நீ உள்ளே இருந்து பெயர் எழுதப்போகிறாய் என்றால் இடமிருந்து வலமாக எழுது. முதலில் இருப்பவன் நான். அப்பா பெயர், வயது, முகவரி எதையும் நீ யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. வெளியே வருவதாக இருந்தால், எனக்கு அடுத்து ஓர் ஆளுக்கு இடம் விட்டிருப்பேன்.

அப்பா